புறவாசல் வரைக்கும் ஒரு பயணம்

முதல் நாள்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சருக்கு மாறினேன். காருகுறிச்சி வரும்போதே மேற்கே பொதிகை தெரிய ஆரம்பித்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தாண்டி ஆழ்வார்குறிச்சியில் இறங்குகிறவரை ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை. பிசானம் அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. ஜூனில் அணை திறந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடுகிறவரை அப்படித்தான் கிடக்கும்.

வழக்கமாக இந்தப் பக்கம் வந்தால் பாபநாசம், மணிமுத்தாறு, சீசன் இருந்தால் குற்றாலம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எழுதுவேன். இந்த முறை எங்கேயும் போகப்போவதில்லை. பெரியம்மாவுக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. கூட இருந்த அண்ணன் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டான். இனி பத்து நாளைக்கு நான்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, தூசி படக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து புறவாசலில் குனிந்த முதுகு நிமிராமல் இரண்டு மணி நேரம் இருக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தார்சாவில், அதாவது முன்கூடத்தில், சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் பையை வைப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

“ஏலே, நாலு நாளா தண்ணி சரியா விட்டாவளான்னு தெரியல. நீ போயி ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் இங்கன இருந்து கேட்டுக்கிடுதேன்.”

சரி, இதுதான் பயணம் என்று முடிவு செய்துகொண்டேன். அடுக்களைக் கதவில் தொடங்கி, பின்பக்கச் சுவரில் முடிகிறது. சாயங்காலம் நடந்து அளந்தேன். நாற்பத்தாறு எட்டு. இந்த நாற்பத்தாறு எட்டைக் கடக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பார்த்ததை அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

வரைபடம் இதுதான். கதவைத் தாண்டியதும் அங்கணக்குழி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அங்கிருந்து ஒரு வாய்க்காலாக ஓடி, வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. அப்புறம் துளசி மாடம், கிணறு, மல்லிகைப் பந்தல். கிணற்றுக்கு வடக்கே மூலிகைகள், தெற்கே பூச்செடிகள். கடைசியில் ஒரு மாமரம், ஒரு வேம்பு, இரண்டு கறிவேப்பிலை. சுவர் ஓரம் முழுக்கக் கொடிகள்.

இன்று வேறு ஒன்றும் பார்க்கவில்லை. எங்கேயோ மோட்டார் பட்டறையில் தகடு தட்டுகிற மாதிரி ‘டுக் டுக் டுக்’ என்று சத்தம் மட்டும் சாயங்காலம் வரை ஓயவில்லை.

இரண்டாம் நாள்

ஐந்தரைக்கே எழுந்தேன். கத்திரி நடக்கிறது. மே 4-லிருந்து 28 வரை அக்னி நட்சத்திரம் என்பார்கள். ஏழரைக்கு மேல் வெறுங்காலோடு முற்றத்தில் நிற்க முடியாது. அதனால் தண்ணீர் விடுவதெல்லாம் விடிகிற நேரத்தில்தான். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, வாளியில் எடுத்து ஊற்ற வேண்டும். டியூப் வைத்துப் பீய்ச்சினால் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. வேர் வெளியே வந்துவிடுமாம்.

பூக்களிலிருந்து தொடங்குகிறேன். கோடை மல்லிகையின் காலம். வெயில் ஏறஏறத்தான் குண்டுமல்லி அள்ளிக் கொடுக்கும். மார்கழியில் பத்து மொட்டுக்கு ஏங்க வைக்கிற அதே கொடியில் இன்று ஒரு சின்ன நார்ப்பெட்டி நிறைய மொட்டு. நாலு மணிக்கு மேல், மொட்டு வெள்ளையாகிக் கனத்து, ஆனால் வாய் திறக்காமல் இருக்கும்போது பறிக்க வேண்டும். பெரியம்மா மடியில் கொட்டிவிட்டால், வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கண்ணே தேவையில்லாமல் கட்டுகிறார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விரல்தான் பார்க்கிறது.

பறிக்காமல் விட்டவை ஏழு மணி வாக்கில் திறந்தன. பக்கத்தில் பிச்சியும் இருக்கிறது. இரண்டும் வெள்ளை, இரண்டும் இரவில் மணக்கிறவை. அந்துப்பூச்சிகளுக்காகத்தான் இந்த வெள்ளையும் இந்த மணமும். இருட்டில் நிறம் எதற்கு? பிச்சியின் முன்னால் ஒரு பருந்து அந்துப்பூச்சி தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்றுகொண்டு, நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுக் குடித்துக்கொண்டிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு விநாடிதான். போய்விட்டது.

அந்திமந்தாரை மூன்று நிறத்தில் நிற்கிறது. மஞ்சள், ராணி கலர், இரண்டும் கலந்து வரிவரியாக ஒன்று. நாலரைக்கு மேல் திறக்கும், காலையில் வாடிவிடும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. இதை வைத்துத்தான் ஜெர்மனியின் கார்ல் கோரென்ஸ் 1900-களின் தொடக்கத்தில் பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தார். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் அடுத்த தலைமுறை இளஞ்சிவப்பாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அது இந்தப் பூதான். நம் கொல்லைகளில் யாரும் நடாமலே முளைத்துக் கிடக்கிற செடிக்கு இப்படி ஒரு இடம் அறிவியலில் இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிறது.

கனகாம்பரம் இரண்டு வகை. ஒன்று நாட்டுக் கனகாம்பரம், விதை வைக்கும். இன்னொன்று செம்மண் நிறத்தில் பெரிய இதழோடு இருக்கிற டெல்லிக் கனகாம்பரம். அது விதை வைக்காது, கிளை ஒடித்து நட வேண்டும். மணமே கிடையாது இந்தப் பூவுக்கு. ஆனால் மல்லிகைக்கு நடுவில் நிறம் வேண்டும் என்றால் இதை விட்டால் ஆளில்லை. நாட்டுச் செடியில் காய்ந்த கதிர்கள் நிறைய இருந்தன. கத்தரித்துவிடவா என்று கேட்டேன்.

“தொடாத. அது மழைக்குக் காத்துக்கிட்டு நிக்கு.”

துளசி மாடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அதிசயம். வெறும் மண்ணிலிருந்து இலைகூட சரியாக விடாமல் ஒரு தண்டு, அதன் உச்சியில் பந்து மாதிரி சிவப்புப் பூ. நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பூக்கள் சேர்ந்த ஒரு பந்து. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிழங்குச் செடி. மே மாதம் மட்டும்தான் பூக்கும். பூ இல்லாத மாதங்களில் அந்த இடத்தைக் கவனிக்காமலே நடந்துகொண்டிருப்போம்.

மூன்றாம் நாள்

முதலில் ஒரு திருத்தம். முதல் நாள் நான் பட்டறைச் சத்தம் என்று எழுதியது பட்டறை இல்லை. பெரியம்மாவிடம் சொன்னதும், “வேம்பு உச்சியில பாரு” என்றார். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கைக்கு அடங்குகிற அளவு. செம்மார்புக் குக்குறுவான். கோடை முழுக்க இப்படித்தான் தட்டும். வாயைத் திறக்காமலே, தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்குகிறது.

இன்றைக்குக் கறிவேப்பிலை. எட்டடி உயரச் செடி ஒன்று, மேற்குச் சுவர் பக்கம். அதில் பாதிக் கிளைகள் மொட்டையாக நின்றன. உற்றுப் பார்த்தால் இலை மேல் குருவி எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒட்டியிருந்தது. அது நகர்ந்தது. இன்னும் தேடினால் இன்னொரு கிளையில் சுண்டுவிரல் கனத்தில், இலையின் அதே பச்சையில் ஒரு புழு. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று விருட்டென்று வெளியே வந்தது. கூடவே ஒரு நெடி. ஒரு நிமிஷத்தில் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது.

உள்ளே போய், “பெரியம்மா, கறிவேப்பிலை போச்சு. புழு தின்னுட்டுது. மருந்து வாங்கிட்டு வரட்டா?” என்றேன்.

“எந்தக் கறிவேப்பிலை?”

“சுவர் ஓரத்தில நிக்கது.”

“அது அதுகளுக்கு விட்டது. நமக்குக் கெணத்துப் பக்கம் நிக்கதுதான். அதில ஏறிச்சுன்னா எடுத்து இதில விட்டுரு.”

கறிவேப்பிலை அழகி என்று பட்டாம்பூச்சி ஒன்று இருக்கிறது. கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் புள்ளிகளின் வரிசை. அதன் தாய், கறிவேப்பிலை, நாரத்தை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டை வைக்கும். சின்ன வயதில் எச்சம் மாதிரி இருந்து பறவையை ஏமாற்றும். வளர்ந்ததும் இலை மாதிரி இருந்து ஏமாற்றும். அதுவும் பலிக்காவிட்டால் கொம்பும் நெடியும். இந்தச் செடியின் தண்டிலேயே ஒரு கூட்டுப்புழுவைக் கண்டுபிடித்தேன். இடுப்பில் ஒரே ஒரு பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து நிற்கிறது, பனையேறி இடைக்கயிற்றில் சாய்ந்து நிற்கிற மாதிரி.

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்றுகள் தானாகக் கிளம்பும். எல்லோரும் அதைப் பிடுங்கிப் போடுவோம். பெரியம்மா அதில் ஒன்றைப் பெயர்த்து நட்டு, பதினைந்து வருஷமாகப் புழுவுக்கென்றே வளர்த்திருக்கிறார். பட்டாம்பூச்சி வேண்டும், ஆனால் இலையில் ஓட்டை விழக்கூடாது என்று நினைக்கிற தோட்டம் எப்படி நடக்கும்? கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் ஓர் ஓட்டைகூட இல்லாமல் பளபளவென்று இருப்பதை இனி நிம்மதியாகப் பார்க்க முடியாது.

நான்காம் நாள்

வெயில். பதினொன்றிலிருந்து மூன்று வரை கரண்ட் இல்லை. கிணற்றில் ஒரு ஆள் மட்டத்துக்குத்தான் தண்ணீர் கிடக்கிறது. மோட்டாரைப் பாதி நேரம்தான் போட்டேன்.

மாமரத்து நிழலில் காருகுறிச்சி மண்சட்டி ஒன்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும். பெரியம்மாவுக்கு மருந்து விட்ட பின் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகச் சட்டிக்கு வருகிறவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, ஒன்றாக வந்து ஒன்றாகக் கத்தி ஒன்றாகப் போயின. கொண்டைக்குருவி ஜோடி முங்கிக் குளித்தது. அணில் இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றிக் குடித்தது. உடம்பு முழுக்கப் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட, காக்கையைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு பறவையும் வந்தது. அது பெண்குயில். கறுப்பாக இருந்து கூவுகிறதெல்லாம் ஆண். மாமரத்தில் காக்கைக் கூடு இருக்கிறது. அதனால்தான் இந்தம்மா இங்கே சுற்றுகிறது.

சாயங்காலம், தண்ணீர் விட்டு இளகிய மண்ணில் ஓர் ஓணான் குழி தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டி, பின்பக்கத்தை உள்ளே இறக்கி முட்டை வைத்துவிட்டு, மண்ணைத் தள்ளி, முகவாயால் தட்டித் தட்டிச் சமப்படுத்தியது. சின்ன வயதில் இதே வேம்படியில் புல் தண்டில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்திருக்கிறேன். எத்தனை என்று கணக்கில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் நாலு கல்லை வைத்துவிட்டு வந்தேன். நாளையிலிருந்து அங்கே மிதிக்கக் கூடாது.

ஐந்தாம் நாள்

கிணற்றுக்கு வடக்கே போகிறேன். இந்த ஊரில் மூலிகையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தெரியும். மேற்கே தெரிகிற மலையின் உச்சி அகத்தியமலை, 1,868 மீட்டர். சித்தர்களில் முதல்வராகச் சொல்லப்படும் அகத்தியரின் மலை. பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரியப்பா இருந்தவரை அங்கே போய்வருவார். போகும்போதெல்லாம் ஒரு கன்றாவது கையில் இருக்கும்.

முதலில் தூதுவளை. வேலியில் ஏறிக் கிடக்கிறது. இலையின் நரம்பிலும் முள். கத்தரிக்கோல் இல்லாமல் பறித்து விரலெல்லாம் கீறல். ஊதாப்பூ, நடுவில் மஞ்சளாக மகரந்தப்பை. பூவைப் பார்த்தாலே கத்தரிக்குடும்பம் என்று தெரியும். கத்தரி, தூதுவளை இனத்துப் பூக்களில் ஒரு விசேஷம் உண்டு. மகரந்தம் பை நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். உப்பு டப்பாவைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினால்தான் விழும். நம் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒரு தனித்தேனீ, பெரிய கருவண்டு மாதிரி சிலதான் அதைச் செய்யும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை மட்டும் அதிரவைக்கும். காலை ஏழு மணிக்கு வேலி ஓரம் நின்றேன். பறக்கிற ரீங்காரம் ஒரு சுருதி. பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று வேறு சுருதி, இன்னும் கூர்மையாக, ‘ஸ்ஸீ’ என்று துண்டு துண்டாக. சத்தத்தை வைத்தே எந்தப் பூவில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதை உள்ளே வந்து சொன்னபோது பெரியம்மா ஆச்சரியப்படவில்லை. “அது ராத்திரி எங்கன தூங்கும்னு பாத்தியா?” என்று கேட்டார். இருட்டும் நேரம் போய்ப் பார்த்தேன். காய்ந்த பிரண்டைப் பற்றுக் கம்பியில் ஐந்தாறு நீலப்பட்டைத் தேனீக்கள் வரிசையாக, கால் எதையும் பிடிக்காமல், வாயால் மட்டும் கம்பியைக் கடித்துத் தொங்கிக்கொண்டு தூங்குகின்றன. இவை ஆண்கள். பெண்ணுக்கு மண்ணில் வளை உண்டு. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு வந்துபோகிறேன், இதைப் பார்த்ததில்லை.

தேனீ என்றதும் இன்னொன்று. புறவாசல் நிலைக்கு மேலே சுவரில், பென்சில் கனத்தில் ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொசுத்தேனீயின் வாசல். கொட்டத் தெரியாத தேனீ. வெள்ளையடிக்க வந்தவரிடம் பெரியப்பா அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாராம். வெள்ளைச் சுவரில் அந்த இடம் பழைய மஞ்சள் காவியில் இன்றும் ஒரு திட்டாகத் தெரிகிறது.

ஆடாதொடை ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஆடு தொடாத இலை, அதனால் அந்தப் பெயர் என்பார்கள். வேலி ஓரத்து ஆடுகள் உண்மையிலேயே தொடுவதில்லை. இதன் இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை ஆதாரமாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்ஸின், இருமல் சிரப் பாட்டில்களில் எழுதியிருக்கிற மருந்து. அடுத்து நொச்சி. கொசுவுக்குப் புகை போடவும் ஆவி பிடிக்கவும். கற்பூரவல்லி தொட்டி ஓரம் படர்ந்து, கை பட்டாலே மணக்கிறது. திருநீற்றுப்பச்சிலை முற்றிக் கதிர் காய்ந்திருந்தது. அதன் விதைதான் சப்ஜா. உருவி ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டேன், பத்து நிமிஷத்தில் கண்ணாடி உருண்டைகளாகிவிட்டது. நிலவேம்பு ஒரே ஒரு வரிசை. 2012-ல் டெங்கு வந்தபோது அரசு ஆஸ்பத்திரிகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் வாங்கி நட்டதாம். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டுமில்லை, வெட்டிவேர், சுக்கு, மிளகு, பேய்ப்புடல் என்று மொத்தம் ஒன்பது சரக்கு சேரும். வெறும் இலையைக் கொதிக்க வைத்துவிட்டு அதே பெயரைச் சொல்லுகிறவர்களிடம் பெரியம்மாவுக்குக் கோபம் வரும்.

கீழாநெல்லி மழைக்கு முளைக்கிற செடி. கோடையில் எங்கே போகும்? அங்கணக்குழி வாய்க்கால் ஓரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி உயிரோடு இருக்கிறது, வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கூட. பாத்திரம் கழுவின தண்ணீரில் ஒதுங்கிக் கோடையைக் கழிக்கிறார்கள். மழை பிடித்ததும் அங்கிருந்துதான் தோட்டம் முழுக்கப் பரவுமாம். குப்பைமேனி ஒன்றை வேரோடு பிடுங்கினேன், பக்கத்து வீட்டுப் பூனை எங்கிருந்தோ வந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்துப் புரள ஆரம்பித்துவிட்டது. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு என்று படித்திருக்கிறேன். இன்று கண்ணால் பார்த்தேன்.

மத்தியானம் பிரண்டைத் துவையல். இளசாக ஒடித்து, கணுவை நீக்கி, நார் உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரிக்கும். நல்லெண்ணெயில் நிறம் மாறுகிறவரை வதக்கிப் புளி கூடவே வைத்து அரைக்க வேண்டும். பெரியம்மா நாற்காலியில் இருந்தபடி வாசனையை வைத்தே “இன்னும் வதக்கு” என்று இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினால் குளிர்ச்சி, பறித்துத் தரட்டுமா என்று கேட்டார். காலங்காலமாகச் செய்கிறதுதான். கிணற்றடியில் பூவும் கொட்டிக் கிடக்கிறது. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “சாமிக்குப் போடு தாயி. இந்தக் கண்ணுக்கு டாக்டர் குடுத்த சொட்டுதான்.” ஆபரேஷன் செய்த கண்ணில் கிருமி போனால் கண்ணே போய்விடும். மூலிகைத் தோட்டத்தை நாற்பது வருஷமாக வைத்திருக்கிறவருக்கு, எது எதற்கு இல்லை என்பதும் தெரிந்திருக்கிறது. அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆறாம் நாள்

காலையில் கொண்டைக்குருவிகள் விடாமல் கத்தின. வாளியோடு போனால் கிணற்றுச் சுவர் ஓரம் சாரைப்பாம்பு ஒன்று. ஆறடிக்குக் குறையாது. தொட்டி ஈரத்தில் தவளையைத் தேடி வந்திருக்கிறது. சத்தம் கேட்டு மதில் மேல் இரண்டு தலை, ஒரு கம்பு. தார்சாவிலிருந்து பெரியம்மா குரல் வந்தது.

“தலை எப்படி இருக்கு, படம் எடுக்கா?”

“இல்ல பெரியம்மா. கண்ணு பெருசா இருக்கு. உதட்டில கறுப்புக் கோடு.”

“சாரைதான். கம்பைக் கீழ போடச் சொல்லு. நெல்லு மூடைக்கு எலி வராம இருக்கது அதாலதான்.”

சாரைக்கு விஷம் கிடையாது. நல்லபாம்போடு சேரும் என்பதும் வெறும் பேச்சு. இரண்டும் வேறு வேறு இனம். நாங்கள் அசையாமல் நின்றோம். அது அவசரப்படாமல் சேம்புக்குள் நுழைந்து மறைந்தது. தெரியாத பாம்பு என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது. இது தெரிந்த பாம்பு.

ஏழாம் நாள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

சங்குப்பூக் கொடி கிழக்குச் சுவரில் இருக்கிறது. அவரைக் குடும்பம்தான், ஆனால் மற்ற அவரைப் பூக்களைப் போல இல்லாமல் தலைகீழாக மலரும். வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், அதனால் பக்கத்தில் நிற்கிற கத்தரி செழிப்பாக இருக்கிறது. சாமிக்குப் போடுவதற்காகப் பத்துப் பூ பறித்து ஓர் எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்து பெரியம்மா பக்கத்தில் வைத்தேன். மருந்து விடுகிற நேரம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது என்ன பூ?”

“சங்குப்பூ பெரியம்மா. நம்ம கொடிதான்.”

“சும்மா சொல்லாதல. சங்குப்பூ இம்புட்டு நீலமாவா இருக்கும்?”

வலது கண்ணிலும் புரை இருக்கிறது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் ஆபரேஷன். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். “இப்பம் பழைய சங்குப்பூ.” வலதை மூடி இடது கண்ணால் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வயது கூடக்கூடக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பேறும். நீல வெளிச்சம் உள்ளே வருவது குறைந்துகொண்டே போகும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்கே தெரியாது. பழைய லென்ஸை எடுத்துத் தெளிவான லென்ஸ் வைத்ததும் நீலம் திரும்பி வரும். எத்தனை வருஷமாக அவருக்கு இந்தப் பூ சாம்பல் கலந்த நிறமாகத் தெரிந்திருக்கும்? அதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

மருந்தை விட்டேன். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். ஐந்து நிமிஷம் ஆனதும் கேட்டார். “அந்த ஊதாத் தேன்சிட்டு வரும்லா, எலுமிச்சைக்கு. அதையும் இந்தக் கண்ணால பாக்கணும்.”

காற்றும் தூசியும் அடங்கியிருந்தது. ஐந்தரை மணிக்கு, கண்ணாடியோடு, கையைப் பிடித்து அடுக்களை வாசல்படி வரை கூட்டிவந்து நாற்காலி போட்டேன். எலுமிச்சைக் கிளையில் தேன்சிட்டின் கூடு தொங்குகிறது. சிலந்தி நூல், சருகு, பஞ்சு, பட்டைத் துண்டு எல்லாம் சேர்த்து ஒட்டிய ஒரு பை. வாசலுக்கு மேலே மழை விழாமல் ஒரு தாழ்வாரம்கூட உண்டு. பெண் உள்ளே இருந்தது, அலகு மட்டும் தெரிந்தது. ஆண் செம்பருத்திக்கு வந்தது. நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்ட ஒரு கிளைக்குத் தாவியதும் முதுகெல்லாம் நீலமும் ஊதாவுமாக மின்னியது. பெரியம்மா ஒரே ஒரு நொடி கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எட்டாம் நாள்

மத்தியானத்திலிருந்தே புழுக்கம். மூன்று மணிக்குப் பொதிகை மேல் மேகம் கறுத்து, மலை மறைந்துவிட்டது. குக்குறுவான் தட்டுவதை நிறுத்திவிட்டது. கொடியில் கிடந்த துணியை எடுப்பதற்குள் முதல் இடி.

கோடை மழை. முக்கால் மணி நேரம் கொட்டியது. வாய்க்கால் நிரம்பி வாழைக்குள் ஓடியது. ஓணான் முட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை, பார்த்துவிட்டேன். தேன்சிட்டுக் கூடு ஆடியது, ஆனால் அந்தத் தாழ்வாரம் தன் வேலையைச் செய்தது.

இருட்டியதும் கரண்ட் போய்விட்டது. மண்ணிலிருந்து ஈசல் கிளம்பி, அகல் விளக்கைச் சுற்ற ஆரம்பித்தது. சுவரில் பல்லிகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்துவிட்டன. விளக்கை அணைத்துவிட்டோம். தவளைச் சத்தம். மல்லிகையும் ஈரமண்ணும் சேர்ந்த மணம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“பேசாத. கேளு.”

மழை விட்டிருந்தது. இலையிலிருந்து சொட்டுகிற சத்தத்துக்கு நடுவில், தெற்கே பூச்செடிகள் பக்கமிருந்து, ‘டப்’ என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இரண்டு, மூன்று சேர்ந்தாற்போல. ஏதோ ஒன்று தெறித்து வாளியில் ‘டிங்’ என்று பட்டது.

காய்ந்த கனகாம்பரக் கதிர்கள். ஈரம் பட்டதும் காய் வெடித்து விதையை வீசும். ஈரம் இருந்தால்தான் விதை முளைக்கும் என்பதால் அந்த நாளுக்காகக் காய்ந்து காத்திருக்கும். இரண்டாம் நாள் நான் கத்தரித்துவிடவா என்று கேட்டது இதைத்தான்.

“எத்தனை ஆச்சு?” என்றார் பெரியம்மா.

“பதினொண்ணு.”

“பதிமூணு. ரெண்டை விட்டுட்ட.”

இரவு மருந்துக்கு நேரமாகியிருந்தது. டார்ச்சை எடுக்க எழுந்தேன். இருபது வரட்டும், அப்புறம் விடலாம் என்றார்.